முதல் சிலந்தி எது? தாவும் சிலந்தி, தரை டரான்டுலா, மர டரான்டுலா: ஓர் ஒப்பீடு

சிலந்தி வளர்க்க ஆசைப்பட்டுத் தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டி நிற்கிறார்கள். ஒரு பக்கம், பெரிய கண்களை வைத்துக்கொண்டு நம் முகத்தையே உற்றுப் பார்க்கும் தாவும் சிலந்தி. இன்னொரு பக்கம், உள்ளங்கை அளவுக்கு வளரும் ரோமம் அடர்ந்த டரான்டுலா. அதிலும் தரையில் வாழ்வதா, மரத்தில் வாழ்வதா என்று இன்னொரு கிளை பிரியும். மூன்றையுமே 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் மூன்றும் ஒரே ஆளுக்கு ஏற்றவை என்று நினைத்துவிட வேண்டாம்.

தாவும் சிலந்தி, கவனிக்க மறந்தால் சாகும். டரான்டுலா பெரும்பாலும் அளவுக்கு மீறிக் கவனித்தால்தான் சாகும். தினமும் பெட்டியைத் திறந்து ஏதாவது செய்தால்தான் மனம் ஆறும் என்பவர் கையில் டரான்டுலா படாதபாடு படும். வேலைக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்புகிறவர் வீட்டில் தாவும் சிலந்தி தண்ணீர் இல்லாமல் சுருங்கும். நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் உங்கள் வீட்டின் அன்றாட நடைமுறையைப் பாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கோணத்தில்தான் போகிறது.

## எதையெல்லாம் வைத்து ஒப்பிடுவது

முதலாவது ஆயுள். ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும் உறவா, இருபது வருடப் பொறுப்பா? கல்லூரி முடித்து ஊர் மாறப்போகிற ஒருவருக்கும் சொந்த வீட்டில் நிலையாக இருப்பவருக்கும் இதன் பொருள் வேறு.

இரண்டாவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கை வைக்க வேண்டும் என்பது.

மூன்றாவது இரை. பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சிலந்தி உயிருள்ள பூச்சிகளைத்தான் தின்னும். அந்தப் பூச்சி எங்கே கிடைக்கும், எந்த அளவில் கிடைக்கும், அதையும் வீட்டில் வளர்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளாமல் சிலந்தியை வாங்கக் கூடாது.

நான்காவது, தவறைப் பொறுக்கும் தன்மை. புதியவர் தவறு செய்வார். அந்தத் தவறைத் திருத்த ஒரு நாள்தான் அவகாசமா, ஒரு மாதம் இருக்கிறதா என்பது சிலந்திக்குச் சிலந்தி மாறும்.

ஐந்தாவது மனிதருக்கான ஆபத்து: கடி, ரோமம், வேகம். ஆறாவது சட்டம்.

| | தாவும் சிலந்தி (ரீகல் ஜம்பர்) | தரை டரான்டுலா (கர்லி ஹேர், ரெட் நீ போன்றவை) | மர டரான்டுலா (பிங்க் டோ) |
|---|---|---|---|
| பெண்ணின் ஆயுள் | சுமார் 1½–2 வருடம் | 20 வருடமும் அதற்கு மேலும் | சுமார் 8–12 வருடம் |
| ஆணின் ஆயுள் | சுமார் 1 வருடம் | பெண்ணைவிட மிகக் குறைவு | 3–4 வருடம் |
| வளர்ந்தபின் அளவு | உடல் 1½ செ.மீ. அளவு | கால் விரிப்பு (கால்களை நீட்டினால் நுனிக்கு நுனி) 14–18 செ.மீ. | கால் விரிப்பு 12–13 செ.மீ. |
| தண்ணீர் வேலை | ஒன்றிரண்டு நாளுக்கொருமுறை தெளிப்பு | வாரம் ஒருமுறை கிண்ணம் நிரப்புதல் | கிண்ணம், கூடவே லேசான தெளிப்பு |
| இரை | 2–4 நாளுக்கொருமுறை, பெரும்பாலும் ஈ | 7–14 நாளுக்கொருமுறை, கிரிக்கெட் பூச்சி அல்லது டூபியாக் கரப்பான் | 7–10 நாளுக்கொருமுறை |
| மறந்துபோனால் | சில நாளில் ஆபத்து | தண்ணீர் இருந்தால் வாரக்கணக்கில் தாங்கும் | நடுத்தரம் |
| அதிகம் ஈரமானால் | பூஞ்சை, தோலுரிப்பில் சிக்கல் | மெல்ல மெல்லக் கெடும் | உயிருக்கே ஆபத்து |
| அசைவைப் பார்க்கலாமா | பகலில், நிறைய | இரவில், கொஞ்சம் | இரவில், வேகமாக |

## தாவும் சிலந்தி

வளர்ப்பில் அதிகம் இருப்பது ரீகல் ஜம்பர் எனப்படும் ஃபிடிப்பஸ் ரீஜியஸ். புளோரிடா, கியூபா, பஹாமாஸ் பக்கத்துச் சிலந்தி இது. ஆண் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு, தாடைகள் பச்சையாக மின்ன இருக்கும். பெண் சாம்பலில் இருந்து ஆரஞ்சு வரை பல நிறங்களில் வரும்.

வலை பின்னி இரைக்காகக் காத்திருக்கும் வகை அல்ல இது. பகலில் கண்ணால் பார்த்து, பின்தொடர்ந்து, பாய்ந்து பிடிக்கும். பெட்டிக்கு வெளியே விரலை நகர்த்தினால் தலைப்பகுதியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். சிலந்தியின் நடவடிக்கைகளை ரசிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால் மற்ற இரண்டும் இதன் அருகில் வர முடியாது.

பெட்டி. வளர்ந்த சிலந்திக்கு 10 × 10 × 15 அல்லது 20 செ.மீ. போதும். அகலத்தைவிட உயரம் அதிகமாக இருக்க வேண்டும். கதவு முன்பக்கத்தில் அல்லது அடிப்பக்கத்தில் இருப்பது மிக முக்கியம். இது பெட்டியின் மேல்மூலையில் பட்டு இழையால் தொட்டில் போல ஒரு கூடு பின்னி, இரவில் அதற்குள் உறங்கும், அதற்குள்ளேயே தோலுரிக்கும். மேல்மூடி கொண்ட பெட்டியாக இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கூடு கிழியும். தோலுரிக்கும் நேரத்தில் கிழிந்தால் சிலந்தியே போய்விடலாம். எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு துளைகள் போட்டால் காற்று ஊடுருவிப் போகும். உள்ளே ஒரு குச்சியும் இரண்டு பிளாஸ்டிக் இலையும் மேல்பக்கம் வரை எட்டும்படி வைத்தால் போதுமானது.

தண்ணீர். ஒரு பக்கச் சுவரில் மட்டும், ஒன்றிரண்டு நாளுக்கொருமுறை, நுண்துளியாகத் தெளியுங்கள். துளியில் வாயை வைத்துக் குடிப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். தெளித்த ஈரம் சில மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். மறுநாளும் காயாமல் இருந்தால் காற்றோட்டம் போதவில்லை. ஏசி அறையில் காற்று வறண்டிருக்கும் என்பதால் தினமும் தெளிக்க வேண்டியிருக்கும். ஜன்னலோரம் நேர் வெயிலில் வைத்தால் சிறிய பெட்டி அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை உகந்தது. பகலில் 10 முதல் 12 மணி நேரம் வெளிச்சம் தேவை. இருட்டில் இது வேட்டையாடுவது கஷ்டம்.

இரை. இங்கேதான் மறைமுகச் செலவு இருக்கிறது. குட்டிக்குப் பழ ஈ வேண்டும். வெளிநாடுகளில் பறக்க முடியாத பழ ஈக்களைக் குடுவையில் விற்பார்கள். அது கிடைக்காத ஊரில், கனிந்த வாழைப்பழத் துண்டு ஒன்றைப் பாட்டிலில் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகி வைத்தால் ஈக்கள் தாமாக உள்ளே போய்ச் சிக்கும். மசித்த வாழைப்பழம், ஓட்ஸ், ஒரு சிட்டிகை ஈஸ்ட் சேர்த்து வைத்தால் அதிலேயே பெருகும். 25 டிகிரியில் பத்து முதல் பதினான்கு நாளில் புதிய தலைமுறை வெளிவரும். ஆகவே ஒரு வார இடைவெளியில் இரண்டு குடுவைகளை ஓட்ட வேண்டும். ஒன்றை மட்டும் நம்பினால் அது காலியாகும் வாரம் சிலந்தி பட்டினி கிடக்கும். வளர்ந்த சிலந்திக்குப் பெரிய ஈக்கள், சிறு கிரிக்கெட், சிறு டூபியாக் கரப்பான் போதும். இரை சிலந்தியின் உடலைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. எத்தனை நாளுக்கொருமுறை என்பதைக் காலண்டரில் பார்ப்பதைவிட வயிற்றில் பாருங்கள். வயிறு உருண்டு திரண்டிருந்தால் இன்று வேண்டாம், சுருங்கித் தட்டையாக இருந்தால் இன்றே கொடுக்கலாம்.

எங்கே தவறும். சிலந்தி கூட்டை அடைத்துக்கொண்டு ஒன்றிரண்டு வாரம் வெளியே வராமல் இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்துக் கூட்டைப் பிரித்துப் பார்ப்பதுதான் புதியவர் செய்யும் முதல் தவறு. அது தோலுரிக்கிறது. கூட்டின் எதிர்ச் சுவரில் துளி தெளித்துவிட்டுக் காத்திருங்கள். உள்ளே கிரிக்கெட் ஏதாவது திரிந்தால் மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், மென்மையாக இருக்கும் சிலந்தியை அது கடித்துத் தின்னும்.

பெண் சிலந்தி இணை சேராமலேயே முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, ஆனாலும் வாரக்கணக்கில் அதைக் காத்துக்கொண்டு உண்ணாமல் இருக்கும். காட்டில் பிடித்த அல்லது எப்போது இணை சேர்ந்தது என்று தெரியாத பெண்ணை வாங்கினால், ஒரு காலை பெட்டி முழுக்கக் குட்டிகளாக இருக்கலாம். நூற்றுக்கு மேலும் இருக்கலாம். அத்தனைக்கும் பழ ஈ தேட வேண்டும்.

யாருக்கு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், மாலை சீக்கிரம் வந்துவிடும் மாணவர், பெரியவர் பொறுப்பேற்கும் வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஒன்றரை வருடத்தில் இது போய்விடும் என்பதைப் பிள்ளைகளிடம் வாங்கும் அன்றே சொல்லிவிடுங்கள். நான்கு நாள் ஊருக்குப் போனால் தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை என்றால் இது வேண்டாம்.

காசு செலவழிக்காமல் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் கொசுவையும் ஈயையும் பிடித்துத் திரியும் பிளெக்சிப்பஸ் வகைத் தாவும் சிலந்தி ஒன்றை ஒரு வாரம் காற்றோட்டமான டப்பாவில் வைத்து, தினம் தண்ணீர் தெளித்து, ஈ பிடித்துக் கொடுத்துப் பாருங்கள். எட்டாவது நாள் அதே சுவரில் விட்டுவிடுங்கள். அந்த ஒரு வாரம் பாரமாகத் தோன்றவில்லை என்றால் நீங்கள் தாவும் சிலந்தி வளர்க்கக்கூடியவர்தான்.

## தரை டரான்டுலா

புதியவருக்குப் பரிந்துரைக்கத் தக்கவை நான்கு. ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா பகுதியின் கர்லி ஹேர், மெக்சிகோவின் பசிபிக் கரையோர ரெட் நீ, அர்ஜென்டினா, பராகுவே பக்கத்துச் சாக்கோ கோல்டன் நீ, சிலியன் ரோஸ். நான்கும் மெதுவானவை, எதையும் தாங்குபவை. முதல் டரான்டுலா ஒன்றே ஒன்று என்றால் கர்லி ஹேரைத்தான் முன்னே வைப்பேன். நன்றாகச் சாப்பிடும், ரெட் நீயைவிட வேகமாக வளரும், ஈரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சமாளிக்கும். சிலியன் ரோஸ் பல மாதம் இரையைத் தொடாமல் இருந்து புதியவரைக் கலங்கடிக்கும். அது அதன் இயல்புதான், ஆனால் முதன்முறை பார்ப்பவருக்குத் தூக்கம் வராது.

ரெட் நீ வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். பல்லாண்டுகளாக பிராக்கிபெல்மா ஸ்மிதி என்று விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பிராக்கிபெல்மா ஹமோரி என்பது 2017-இல் வந்த ஆய்வில்தான் தெளிவானது. இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றே. பெயர்ச்சீட்டு மாறியிருந்தால் பதற வேண்டாம்.

பெட்டி. நீளம் கால் விரிப்பைப்போல மூன்று மடங்கு, அகலம் இரண்டு மடங்கு. அடியில் நிரப்பும் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) மட்டத்திலிருந்து மூடி வரையுள்ள உயரம் கால் விரிப்பைப்போல ஒன்று முதல் ஒன்றரை மடங்குக்குள் இருக்க வேண்டும். உயரமான மீன்தொட்டியில் அரை அடி மட்டும் நிரப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தரை டரான்டுலா கண்ணாடியில் ஏறும். 30 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழியலாம். சிலந்தி கால்களை நீட்டுவது பெரும்பாலும் உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான். திரவம் வெளியேறினால் கால் மடங்கி அங்கேயே முடிந்துவிடும். வலைக்கம்பி மூடியும் வேண்டாம், கால் நகம் அதில் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் பெட்டியில் 3 மி.மீ. துளைகள் இட்டால் போதும். பெரிய சிலந்தியின் தலைப்பகுதி நுழையாத அளவுதான் கணக்கு.

கோகோபீட் 10 முதல் 15 செ.மீ. ஆழம். பொள்ளாச்சிப் பக்கம் தயாராகி உலகெங்கும் போகும் அதே பொருள்தான், தமிழ்நாட்டில் நர்சரிகளிலேயே கிடைக்கும். உரம் கலந்த 'பாட்டிங் மிக்ஸ்' பையை வாங்கிவிடாதீர்கள், உப்பு குறைத்துக் கழுவிய வெறும் கோகோபீட் வேண்டும். 650 கிராம் கட்டி தண்ணீரில் ஊறினால் எட்டு, ஒன்பது லிட்டர் வரை விரியும். அதைப் பிழிந்து, பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாகாமல் உதிரும் பதத்துக்கு உலர்த்திய பிறகே பெட்டியில் அழுத்தி நிரப்புங்கள். ஒளிந்துகொள்ள, வாய் உடைத்த கொட்டாங்கச்சி ஒன்றைப் பாதி புதைத்து வைத்தால் போதும். வெளிநாட்டுக் கார்க் பட்டைக்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல. தண்ணீருக்கு ஒரு சிறு கிண்ணம் அல்லது பாட்டில் மூடி. பஞ்சு போடாதீர்கள், அழுகும்.

வெப்ப விளக்கும் சூட்டுப்பாயும் வேண்டாம். நமக்குச் சௌகரியமான 20 முதல் 28 டிகிரி அறையே அதற்கும் போதும். அடியில் சூட்டுப்பாய் வைத்தால், வெயிலிலிருந்து தப்பக் கீழே தோண்டும் பிராணி அனலை நோக்கித் தோண்டும். சென்னை மே மாதத்தில் பிரச்சினை நேர் எதிரானது. மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் வைக்காமல் வீட்டின் குளிர்ந்த அறையில், தரைக்கு அருகே வைத்து, கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரை. வளர்ந்ததற்கு 7 முதல் 14 நாளுக்கொருமுறை ஒரு பெரிய கிரிக்கெட் அல்லது டூபியா. குட்டிக்கு 4, 5 நாளுக்கொருமுறை, வயிற்றளவுக்கு மேற்படாத இரை. 24 மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். மீல்வோர்ம் என்ற வண்டுப் புழுவைக் கொடுத்தால் தலையை நசுக்கிவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் கோகோபீட்டுக்குள் புதைந்து, சிலந்தி தோலுரிக்கும் நாளில் மேலே வரும். டூபியாவை வழுவழுப்பான பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அட்டையோடு வளர்க்கலாம். அதனால் வழுக்கும் சுவரில் ஏற முடியாது.

தோலுரிப்பு. டரான்டுலா வளர்ப்பில் மனம் பதறும் நாள் இதுதான். சிலந்தி மல்லாந்து, எட்டுக் காலையும் மேலே விரித்துக் கிடக்கும். செத்த சிலந்தி அப்படிக் கிடக்காது. கால்களை வயிற்றுக்குக் கீழே மடக்கிக்கொண்டு குப்புறத்தான் இருக்கும். மல்லாந்து கிடப்பதைத் திருப்பிப் போடுவது, தண்ணீர் தெளிப்பது, ஊதிப் பார்ப்பது எதுவும் கூடாது. மணிக்கணக்கில் ஆகும். பழைய தோலிலிருந்து வந்ததும் பற்கள் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகுதான் அடுத்த இரை. குட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் பிடிக்கும்.

கால்கள் உள்ளே மடங்கி, வயிறு சுருங்கியிருந்தால் பெரும்பாலும் தண்ணீர்க் குறை. ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்து, வாய்ப்பகுதி நீரைத் தொடும்படியும் வயிறு வெளியே இருக்கும்படியும் மெதுவாக வையுங்கள். வயிற்றின் அடியில்தான் மூச்சுத்துளைகள் இருக்கின்றன.

ரோமம். அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்கள் பல மிரண்டால் பின்னங்காலால் வயிற்று ரோமத்தை உதிர்த்துத் தூவும். தோலில் பட்டால் சில நாள் அரிக்கும். கண்ணில் பட்டால் விஷயமே வேறு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், சிலியன் ரோஸ் வளர்த்த ஒருவர் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ரோமம் கண்ணில் பட்டு, வாரக்கணக்கில் கண் சிவந்து நீர் வடிந்து, கடைசியில் கருவிழியில் ரோமங்கள் குத்தி நிற்பதை மருத்துவர்கள் கண்டார்கள். லான்செட் மருத்துவ இதழில் அது பதிவாகியிருக்கிறது. ஆகவே பெட்டிக்குள் கை விடும்போது கண்ணாடி அணியுங்கள், முகத்தைக் குனிந்து அருகே கொண்டுபோகாதீர்கள், முடிந்ததும் முழங்கை வரை கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் தண்ணீரில் அலசிவிட்டு, கண் மருத்துவரிடம் போய் டரான்டுலா ரோமம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் கண்வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்.

கடியைப் பொறுத்தவரை இந்த நான்கும் குளவிக்கடி அளவுக்கு வலிக்கும் என்றே வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வாமை உள்ளவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கையில் ஏற்றி விளையாடுவது அதற்கு எந்த நன்மையும் செய்யாது. கை நடுங்கிக் கீழே விழுந்தால் நடப்பது என்ன என்று மேலே சொல்லியாயிற்று.

யாருக்கு. வேலைப்பளு உள்ளவருக்கு. அடிக்கடி பயணம் போகிறவருக்கும் சரிப்படும், நிறைந்த கிண்ணத்தோடு இரண்டு வாரம் விட்டுப்போகலாம். அதே சமயம் 20 வருடம் என்பதை மனதார ஏற்க வேண்டும். திருமணம், வேலை மாற்றம், வாடகை வீடு, வெளிநாடு எல்லாவற்றுக்கும் கூடவே வரும் பிராணி இது. வீட்டில் இன்னொருவருக்குச் சிலந்தி என்றாலே குலைநடுக்கம் என்றால் அந்த 20 வருடமும் சண்டைதான்.

## மர டரான்டுலா

பிங்க் டோவின் கறுத்த காலும் இளஞ்சிவப்பு நுனியும் யாரையும் மயக்கும். தென் அமெரிக்காவின் வட பகுதியைச் சேர்ந்தது. 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட பழைய சிலந்திகளில் ஒன்று.

குணத்தில் சாது. பிரச்சினை இதன் காற்றோட்டத்தில்தான். மழைக்காட்டுப் பிராணி என்பதால் 80 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்று பழைய பராமரிப்புக் குறிப்புகள் சொல்லும். அதை நம்பி மூடிய பெட்டியில் தினம் தெளித்துக் கொன்றவர்கள் ஏராளம். மர உச்சியில் ஈரம் இருக்கும், கூடவே எப்போதும் காற்றும் வீசும். பெட்டியில் காற்று தேங்கினால் பிங்க் டோ, குறிப்பாகக் குட்டி, காரணம் புரியாமலேயே இறந்துபோகும். 20 × 20 × 30 செ.மீ. நிமிர்ந்த பெட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் தாராளமான துளைகள், சாய்த்து வைத்த பட்டைக் குழாய் ஒன்று, மேல்பாதியில் இலைகள், அடியில் மூன்று நான்கு செ.மீ. கோகோபீட், தண்ணீர்க் கிண்ணம். வாரம் ஒன்றிரண்டு முறை லேசாகத் தெளித்தால் போதும்.

மிரண்டால் கடிப்பதைவிட ஓடும், தாவும். கழிவை ஓரடி தள்ளிக்கூடப் பீய்ச்சும், ஆகவே முன்கண்ணாடியை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். துடைக்கத் திறக்கும் நேரம்தான் தப்பிக்கும் நேரமும். ஒரு பெரிய, தெளிந்த பிளாஸ்டிக் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கட்டும்.

முதல் சிலந்தியாக இதை வாங்கலாமா? பாதி வளர்ந்ததாக வாங்கினால் முடியும். குட்டியாக வேண்டாம். இரண்டாவது சிலந்தியாக வாங்கினால் இன்னும் நல்லது.

## நம் ஊர் டரான்டுலாக்கள் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை

பொயெசிலோதீரியா என்ற மர டரான்டுலாப் பேரினம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே சொந்தமானது. ராமேஸ்வரத்தில் கண்டறியப்பட்டு 2004-இல் பெயரிடப்பட்ட ஒரு இனம் இருக்கிறது. அதே இனம் பின்னர் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் பதிவானது. உலகில் அதற்கு இருப்பிடம் மிகக் குறுகியது.

இவற்றைப் புதியவர் வளர்க்கக் கூடாது. மின்னல் வேகம், தூவ ரோமம் இல்லாததால் நேராகக் கடி, கடித்தால் வலியோடு பல நாள் நீடிக்கும் தசைப்பிடிப்பு. அதைவிடப் பெரிய காரணம், காடு சுருங்கிக்கொண்டிருக்கும் இனங்கள் இவை. இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்ததன் பேரில் 2019-இல் இந்தப் பேரினம் முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. தோட்டத்துப் புளியமரப் பொந்தில் ஒன்றைக் கண்டால் அங்கேயே இருக்க விடுங்கள்.

## சட்டம்

ரெட் நீயும் கர்லி ஹேரும்கூட சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் 2024-இல் வந்த விதிகளும், அந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. விற்பவரிடம் பதிவு விவரமும் கொள்முதல் ரசீதும் கேளுங்கள். 'அதெல்லாம் தேவையில்லை' என்றால் வேறிடம் பாருங்கள். சிங்கப்பூரில் டரான்டுலாவைச் செல்லப்பிராணியாக வைத்திருக்கவே அனுமதியில்லை. ஆஸ்திரேலியாவுக்கு வெளிநாட்டு டரான்டுலாவைக் கொண்டுவர முடியாது. அங்குள்ளோர் உள்நாட்டு இனங்களைத்தான் வளர்க்கிறார்கள்.

## குட்டியா, பாதி வளர்ந்ததா, பெரியதா

சிலந்தியின் இனத்தைப் போலவே வாங்கும் வயதும் முக்கியம்.

டரான்டுலாக் குட்டி மலிவு, ஆனால் பட்டாணி அளவு உடல். ஒரு வார அலட்சியத்தையும் தாங்காது. ரெட் நீ பெரிதாக வருடங்கள் ஆகும். ஆணா பெண்ணா என்பதும் அதிர்ஷ்டம்தான். மலிவாகக் கிடைக்கும் 'பெரிய' டரான்டுலாவோ பல நேரம் முதிர்ந்த ஆணாக இருக்கும். முன்னங்கால்களின் அடிப்பக்கம் கொக்கியும், வாயருகே உள்ள உணர்கால்களின் நுனியில் குமிழும் இருந்தால் அது கடைசித் தோலை உரித்து முடித்துவிட்ட ஆண். இன்னும் ஒரு வருடம், கூடினால் ஒன்றரை வருடம். இருபது வருடத் துணை என்று நம்பி வாங்கியவருக்கு அது பெரும் ஏமாற்றம்.

நடுவில் இருப்பதே சரியான தேர்வு: கால் விரிப்பு 5 முதல் 8 செ.மீ. உள்ள டரான்டுலா. உரித்த தோலை வைத்துப் பெண் என உறுதி செய்திருந்தால் விலை கூடும், அந்தக் கூடுதல் தகும். தாவும் சிலந்தியில் ஐந்து, ஆறு முறை தோலுரித்த இளசு நல்லது. பழ ஈ கட்டத்தைக் கிட்டத்தட்டக் கடந்திருக்கும், ஆயுளும் பாக்கி இருக்கும்.

## எந்தச் சிலந்திக்கும் பொதுவான ஒரு பெரிய ஆபத்து

நம் வீடுகளில் சிலந்தியை அதிகம் கொல்வது கொசு மருந்து. கொசுவத்திச் சுருள், செருகி வைக்கும் லிக்விட், கரப்பான் ஸ்பிரே எல்லாவற்றிலும் பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் உண்டு. அவை சிலந்தியையும் அப்படியே தாக்கும். கால்கள் தள்ளாடி, சுழன்று, இழுத்து இழுத்து நடந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும். அதற்கு முறிவு மருந்து இல்லை. காற்றோட்டமான வேறு இடத்துக்கு மாற்றி, தண்ணீர் கொடுத்துக் காத்திருப்பதுதான் வழி.

சிலந்தி இருக்கும் அறையில் இவை எதுவும் கூடாது, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். நகராட்சிப் புகை மருந்து வண்டி வரும் மாலைகளில் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். நாய்க்கு உண்ணி மருந்து போட்ட கையோடு பெட்டியைத் தொடாதீர்கள். வயல் ஓரத்தில் பிடித்த வெட்டுக்கிளியையும், மருந்தடித்த வீட்டுக் கரப்பானையும் இரையாகப் போடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து ஸ்பிரே வாடை வரும் அளவுக்கு நெருக்கமான குடியிருப்பில், இதைக் கட்டுப்படுத்த முடியாது என்று தோன்றினால், எந்தச் சிலந்தியும் வாங்காமல் இருப்பதே அதற்கு நல்லது.

## சூழலுக்கு ஏற்ற தேர்வு

தினமும் பத்து நிமிடம் ஒதுக்கலாம், நடமாட்டம் பார்க்க ஆசை, நீண்ட பொறுப்பு இப்போது முடியாது: தாவும் சிலந்தி, இளசாக.

வாரம் பத்து நிமிடம்தான், ஊர் ஊராகப் பயணம், ஆனால் வீடு நிலையானது: கர்லி ஹேர், பாதி வளர்ந்தது, பெண்.

பொறுமை அதிகம், மெதுவான வளர்ச்சியைப் பார்ப்பதே இன்பம், ஆவணங்களைச் சரியாக வைத்துக்கொள்பவர்: ரெட் நீ.

ஏற்கெனவே பல்லி, மீன், செடித்தொட்டி என்று காற்றோட்டமும் ஈரமும் பழகிய கை: பிங்க் டோ.

வீட்டில் கண்ணைக் கசக்கும் வயதுக் குழந்தை தவழ்கிறது: ரோமம் தூவும் டரான்டுலாவைத் தள்ளிப்போடுங்கள், வெளிச்சம் புகும் கண்ணாடிக் கதவுள்ள, பூட்டிய அலமாரிக்குள் தாவும் சிலந்தி பரவாயில்லை.

எதைத் தேர்ந்தாலும் வாங்கும் வரிசை ஒன்றுதான். முதலில் இரைக்கு ஏற்பாடு, பிறகு பெட்டி. பெட்டியைத் தயார் செய்து ஒரு வாரம் காலியாக வைத்து, உள்ளே ஈரம் காய்கிறதா, பூஞ்சை வருகிறதா, மதியம் எத்தனை டிகிரி போகிறது என்று பாருங்கள். சிலந்தி வந்த நாளில் தண்ணீர் மட்டும் வையுங்கள். தாவும் சிலந்திக்கு இரண்டாம் மூன்றாம் நாளும், டரான்டுலாவுக்கு ஒரு வாரம் கழித்தும் முதல் இரையைப் போடுங்கள். தொடவில்லை என்றால் மறுநாள் எடுத்துவிட்டு, தாவும் சிலந்திக்கு அடுத்த நாளும் டரான்டுலாவுக்கு அடுத்த வாரமும் மறுபடி முயலுங்கள்.